முந்திரியும் மூன்றில் ஒன்றும்

(இளங்கலைக் கணிதம், மூன்றாம் ஆண்டு மாணவன்)

கல்லூரி மலரில் கணிதக் கட்டுரை என்றால் பலரும் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கவிதைப் பகுதிக்குப் போய்விடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். ஆயினும் எழுதத் துணிந்தேன். காரணம், இது என் புலமையைக் காட்டும் கட்டுரை அன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் நான் தோற்றுப்போன கதை. மூன்று ஆண்டுகள் கணிதம் படித்த எனக்கு, நான் படித்தது இன்னதென்று அவன்தான் காட்டினான்.

ஒரு கேள்வியும் ஒரு தவறும்

என் வீடு வேங்கிக்காலில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில்தான் உள்ளது. அலுவலகங்களும் புதிய வீடுகளும் பெருகிவிட்டாலும், எங்கள் தெருவில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. அவற்றுள் ஒன்று எங்களுடையது. மாலையில் தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் அந்தத் திண்ணைக்கு வருவார்கள். நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

அன்று ‘மெய்யெண்கள்’ பாடம். விகிதமுறு எண், விகிதமுறா எண், முடிவுறு தசமம், சுழல் தசமம் என்று வரையறைகளை வரிசையாக ஒப்பித்தேன். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்:

“அண்ணா, ஒன்றை நான்கால் வகுத்தால் 0.25, முடிந்துவிடுகிறது. ஐந்தால் வகுத்தால் 0.2, முடிந்துவிடுகிறது. மூன்றால் வகுத்தால் மட்டும் 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, மூன்று என்ன பாவம் செய்தது?”

“அது அப்படித்தான். புத்தகத்தில் போட்டிருக்கிறது, மனப்பாடம் பண்ணிக்கொள்” என்றேன்.

அவன் விடவில்லை. “√2 முடியவும் முடியாது, சுழன்று திரும்பியும் வராது என்று சொன்னீர்களே, கோடி இலக்கத்துக்கு அப்பால் அது திரும்பி வராது என்று யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதுதான் நான் செய்த தவறு.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தெருக்குழாயடியில் அவன் அம்மாவைப் பார்த்தேன். “கணக்கு அவனுக்கு ஏறாதாம் தம்பி. பத்தாவது முடிச்சதும் மாமாவோட வேலைக்குப் போயிடறேங்கறான்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு அவனுடைய இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இரண்டாவது கேள்விக்கு உரிய நிரூபணத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நிரூபணம்தான் இந்தக் கேள்விக்குப் பதில் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் கேள்வியையோ நான் எனக்குள் கேட்டுக்கொண்டதே கிடையாது.

ஆயாவின் படி

வழி காட்டியது என் ஆயா. அவர் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் அவருக்குக் கைப்பாடம். ஒரு படிக்கு இரண்டு உரி. ஓர் உரிக்கு இரண்டு உழக்கு. ஓர் உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. ஆகவே ஒரு படி என்பது எட்டு ஆழாக்கு. ஆழாக்கில் பாதி மாகாணி. அதாவது படியில் பதினாறில் ஒரு பங்கு.

“ஆயா, ஒரு படி அரிசியை மூன்று பேருக்குச் சரியாகப் பிரிக்க முடியுமா?” என்று கேட்டேன்.

ஆயா முறத்தில் அரிசியைக் கொட்டி அளந்தார். ஆளுக்கு இரண்டு ஆழாக்கு. மீதி இரண்டு ஆழாக்கு. அந்த இரண்டையும் பாதி பாதியாக்கினால் நான்கு மாகாணி. ஆளுக்கு ஒன்று கொடுத்தபின் மீதி ஒரு மாகாணி. அதையும் பாதியாக்கினால் இரண்டு துண்டு. மூன்று பேருக்குப் போதாது. மீண்டும் பாதியாக்கினால் நான்கு துண்டு; ஆளுக்கு ஒன்று, மீதி ஒன்று. ஆயா சிரித்துக்கொண்டே, “எவ்வளவு பாதியாக்கினாலும் ஒண்ணு மிஞ்சும் கண்ணு. மிஞ்சினது எறும்புக்கு” என்று சொல்லிவிட்டு முறத்தை உதறினார்.

அந்த ஒரு சொல்லில் பாடத்தின் பாதி அடங்கிவிட்டது. பாதியாக்குவது என்றால் இரண்டால் வகுப்பது. இரண்டை எத்தனை முறை இரண்டோடு பெருக்கினாலும் 2, 4, 8, 16, 32 என்று போகுமே தவிர, மூன்றின் மடங்கு ஒருநாளும் வராது. எறும்புக்கு எப்போதும் பங்கு உண்டு!

முந்திரிக் கணக்கு

அடுத்து என் நினைவுக்கு வந்தது நம் பழைய கீழ்வாய் இலக்கம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த காலத்தில் பிள்ளைகள் இந்தப் பின்னங்களைத் தலைகீழாகச் சொல்வார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரம் முதலிய நூல்களிலும் இவை வழங்குகின்றன. இன்று நமக்குத் தெரிந்தவை காலும் அரையும் முக்காலும்தான். முழு வரிசையில் முக்கியமானவை இவை:

முந்திரி என்பது 1/320. அரைக்காணி 1/160. காணி 1/80. அரைமா 1/40. மா 1/20. மாகாணி, அதாவது வீசம், 1/16. இருமா 1/10. அரைக்கால் 1/8. நாலுமா 1/5. பிறகு கால், அரை, முக்கால்.

இவற்றைத் தசமத்தில் எழுதிப் பாருங்கள். முந்திரி 0.003125; காணி 0.0125, மா 0.05, மாகாணி 0.0625, அரைக்கால் 0.125. எல்லாமே முடிகின்றன; ஒன்றுகூடச் சுழலவில்லை. ஏன்?

320-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2×2×2×2×2×2×5 என்று வரும். ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும். வேறு பகா எண் கிடையாது. நம் தசம முறைக்கு அடிப்படையான பத்தும் 2×5 தானே! முந்திரியும் தசமமும் ஒரே இரண்டு பகா எண்களிலிருந்து பிறந்தவை. ஆகவே முந்திரியால் எழுதக்கூடியது எதுவும் தசமத்தில் முடிந்தே தீரும்.

இப்போது மூன்றில் ஒன்றை முந்திரியால் எழுத முயல்வோம். ஒன்று என்பது 320 முந்திரி. 320-ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 106, மீதி 2. நூற்றாறு முந்திரியில் கால் என்பது 80, மாகாணி 20, காணி 4, அரைக்காணி 2. ஆகக் கூடி, ‘காலும் மாகாணியும் காணியும் அரைக்காணியும்’ என்றால் மூன்றில் ஒன்றுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். தசமத்தில் இது 0.33125. ஆனால் சரியாக மூன்றில் ஒன்று அன்று. முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் குறைகிறது.

நம் முன்னோர் முந்திரியோடு நிற்கவில்லை. முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்று பெயரிட்டார்கள். அது 1/102400. குறைந்த பங்கை இதில் எழுதலாமா? 640-ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 213, மீதி 1. மறுபடியும் மீதி! இன்னும் கீழே போனாலும் இதே கதைதான். 320-ஐ எத்தனை முறை 320-ஆல் பெருக்கினாலும் அதில் இரண்டுகளும் ஐந்துகளும் மட்டுமே இருக்கும். மூன்று நுழைய வழியே இல்லை.

மறுநாள் மாலை ஆயாவின் ஆழாக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். “அன்றைக்கு நான் சிரித்தது தப்பு. உன் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்” என்றேன். அவன் முதலில் பேசவில்லை. அரிசியை அளக்கத் தொடங்கியதும் அருகில் வந்து உட்கார்ந்தான். நான்காவது முறை பாதியாக்கும்போது அவனே, “மூன்று பாவம் ஒன்றும் செய்யவில்லை அண்ணா. பத்துக்குள் மூன்று இல்லை, அவ்வளவுதான்” என்றான். நான் மூன்று பக்கத்தில் எழுதியதை அவன் மூன்று சொல்லில் முடித்துவிட்டான்.

ஒரே வழி என்னும் தேற்றம்

இந்த வாதத்துக்கு அடியில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணும் ஒரு பகா எண்ணாக இருக்கும்; அல்லது பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்; அந்தப் பெருக்கல் ஒரே ஒரு வழியில்தான் அமையும், வரிசை மட்டும் மாறலாம். இதுவே எண்ணியலின் அடிப்படைத் தேற்றம். ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை வகுத்தால் அவற்றுள் ஒன்றையாவது வகுக்கும் என்று யூக்ளிடு தம் நூலின் ஏழாம் பகுதியில் நிறுவினார். தேற்றத்தை முழு வடிவில் கூறி நிறுவியவர் ஜெர்மானிய மேதை காஸ், ஆண்டு 1801.

இதைக்கொண்டு பள்ளிப் பாட விதியை நாமே பெற்றுவிடலாம். அ/இ என்னும் பின்னத்தை முதலில் எளிய வடிவுக்குச் சுருக்கிக்கொள்வோம். அதன் தசமம் சில இலக்கங்களில் முடிந்தால், அதைப் பத்தின் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கும்போது முழு எண் கிடைக்கும். அதாவது, அ-வையும் பத்தின் அந்த அடுக்கையும் பெருக்கி வருவதை இ மீதியின்றி வகுக்கிறது. அ-வுக்கும் இ-க்கும் பொதுவான பகா எண் கிடையாது. ஆகவே இ-யில் உள்ள பகா எண்கள் எல்லாம் பத்தின் அடுக்கிலிருந்தே வரவேண்டும். அங்கே இரண்டும் ஐந்தும் தவிர வேறில்லை. ஆகையால் இ-யில் இரண்டும் ஐந்தும் மட்டுமே இருக்கலாம். மறுதலையாக, இ-யில் இவை மட்டும் இருந்தால் குறைகிற இரண்டையோ ஐந்தையோ மேலும் கீழும் பெருக்கிப் பகுதியைப் பத்தின் அடுக்காக்கிவிடலாம்.

எடுத்துக்காட்டு: 7/80. 80 என்பது நான்கு இரண்டும் ஓர் ஐந்தும். மூன்று ஐந்து குறைகிறது. மேலும் கீழும் 125-ஆல் பெருக்கினால் 875/10000, அதாவது 0.0875. நான்கு இலக்கம். இரண்டுகளின் எண்ணிக்கை, ஐந்துகளின் எண்ணிக்கை இவற்றுள் எது பெரிதோ அதுவே தசம இலக்கங்களின் எண்ணிக்கை. வகுக்காமலே சொல்லிவிடலாம்.

பள்ளி மாணவர்கள் இங்கே ஓரிடத்தில் சறுக்குவதுண்டு. 6/15 என்ற பின்னத்தைக் கொடுத்தால், 15-இல் மூன்று இருக்கிறது, எனவே முடியாது என்று எழுதிவிடுவார்கள். சுருக்கினால் அது 2/5, அதாவது 0.4. சுருக்கிய பிறகே பகுதியைப் பார்க்க வேண்டும்.

மலை சுற்றும் மீதிகள்

சரி, முடியாத பின்னங்கள் ஏன் சுழல்கின்றன? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேவையில்லை. பௌர்ணமிதோறும் மக்கள் கிரிவலம் வருகிறார்கள். ஏறக்குறைய 14 கிலோமீட்டர் சுற்றுப் பாதை. வழியில் எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கியவர் அக்னி, எமன், நிருதி என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஈசான்ய லிங்கம் தாண்டினால் மறுபடியும் இந்திர லிங்கந்தான். பாதையில் நிற்குமிடங்கள் கணக்கானவை. நடை நிற்காவிட்டால் வந்த இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

வகுத்தலில் வரும் மீதிகளும் அப்படியே. ஒன்றை ஏழால் வகுப்போம். 10-இல் ஈவு 1, மீதி 3. 30-இல் ஈவு 4, மீதி 2. 20-இல் ஈவு 2, மீதி 6. 60-இல் ஈவு 8, மீதி 4. 40-இல் ஈவு 5, மீதி 5. 50-இல் ஈவு 7, மீதி 1. தொடங்கிய ஒன்றுக்கே வந்துவிட்டோம். ஏழால் வகுக்கும்போது மீதியாக வரக்கூடியவை 1 முதல் 6 வரை ஆறே எண்கள்; சுழியம் வந்தால் வகுத்தல் முடிந்துவிடும். சுழியம் வராதபோது, ஏழாவது மீதிக்குள் ஏதேனும் ஒன்று திரும்பி வந்தே ஆகவேண்டும். மீதி திரும்பினால் ஈவும் திரும்பும். எனவே 1/7 என்பது 0.142857142857… என்று ஆறு ஆறாகச் சுழல்கிறது.

142857-ஐ இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஒரே பாதையில் வேறு லிங்கத்திலிருந்து நடக்கத் தொடங்கியவரைப் போல!

மறுதலையும் உண்மை. சுழல்கிற தசமம் எதுவாயினும் அது ஒரு பின்னமே. 0.363636… என்பதை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். நூறு மடங்கு 36.3636… இதிலிருந்து ச-வைக் கழித்தால் 99 ச = 36; ச = 4/11. சுழற்சி தொடங்குமுன் சில இலக்கங்கள் தாறுமாறாக இருந்தாலும், அவற்றைப் பத்தின் அடுக்கால் புள்ளிக்கு இடப்புறம் தள்ளிவிட்டு இதையே செய்யலாம்.

கோடி இலக்கத்துக்கு அப்பால்

அவனுடைய இரண்டாவது கேள்விக்கு இப்போது வருவோம். கோடி இலக்கம் தாண்டியும் √2 சுழலாது என்று யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. கோடி இலக்கத்துக்கு அப்பால் சுழலத் தொடங்கினாலும், மேலே சொன்னபடி அது ஒரு பின்னமாகிவிடும். √2 பின்னமாக முடியாது என்று காட்டினால் போதும்.

பின்னம் என்றே வைத்துக்கொள்வோம்: √2 = அ/இ. இருபுறமும் வர்க்கமாக்கினால் அ² = 2இ². இருபுறத்திலும் உள்ள பகா எண் இரண்டுகளை எண்ணுவோம். 12 என்பது 2×2×3. அதில் இரண்டு ‘இரண்டு’கள். அதன் வர்க்கம் 144-இல் நான்கு. ஓர் எண்ணில் இருப்பது போல் இருமடங்கு அதன் வர்க்கத்தில் இருக்கும். ஆகவே எந்த வர்க்கத்திலும் இரண்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையே. இடப்புறம் அ²-இல் இரட்டைப்படை. வலப்புறம் இ²-இல் இரட்டைப்படை, முன்னால் நிற்கும் ஒன்றையும் சேர்த்தால் ஒற்றைப்படை. ஒரே எண்ணுக்கு இரண்டு விதமான எண்ணிக்கை! பகாக் காரணிகள் ஒரே வழியில்தான் அமையும் என்ற தேற்றத்துக்கு இது முரண். எனவே √2 எந்தப் பின்னமும் அன்று.

இதைச் சொல்லி முடித்ததும் பையன், “அப்படியானால் √4-க்கும் இதையே சொல்லலாமே?” என்றான். நல்ல சோதனை! 4-இல் இரண்டு ‘இரண்டு’கள் இருப்பதால் வலப்புறமும் இரட்டைப்படையே, முரண்பாடு எழவில்லை. நிரூபணம் வேண்டிய இடத்தில் நிற்கிறது, வேண்டாத இடத்தில் விலகுகிறது.

அவன் என்னை இன்னொரு இடத்திலும் பிடித்தான். “பை விகிதமுறா எண் என்கிறீர்கள், அடுத்த கணக்கில் பை 22/7 என்கிறீர்கள். 22/7 பின்னந்தானே?” உண்மை. 22/7 என்பது பைக்கு அருகிலுள்ள ஒரு பின்னம், பை அன்று. 22/7 = 3.142857…, பையோ 3.14159… பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் 1761-இல் நிறுவினார். ‘தோராயமாக’ என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டு நான் எத்தனை பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறேனோ!

தெருவில் ஒரு வீடு

சரியாகப் பிடிக்க முடியாத √2-ஐ எவ்வளவு நெருங்கலாம்? வேள்விக் குண்டங்கள் அமைக்கும் அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் ஒரு மதிப்பு இருக்கிறது: ஒன்று, அதனோடு மூன்றில் ஒன்று, அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்று, இதில் கடைசிப் பங்கின் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 577/408 வருகிறது. தசமத்தில் 1.414215…; உண்மையில் √2 = 1.414213… சரிபார்ப்போம்: 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! அது சுழியம் ஆகவே முடியாது என்று சற்றுமுன் நிறுவினோம். ஆகவே இதைவிட நெருக்கமாக வர்க்கங்கள் நிற்க இடமில்லை.

இந்த 577-க்கும் 408-க்கும் நம் ராமானுஜனோடு ஓர் உறவு உண்டு. 1914-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஒரு புதிர் வந்தது. கேம்பிரிட்ஜில் அப்போது மாணவராயிருந்த மகலனோபிஸ் அதை ராமானுஜனுக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், ஒரு விடையை மட்டுமன்றி, எல்லா விடைகளையும் ஒருங்கே தரும் தொடர் பின்னத்தையே சொல்லிவிட்டாராம்.

நாம் மெதுவாகச் செய்வோம். வீட்டு எண் வ, மொத்த வீடுகள் ம. இருபுறத் தொகையும் சமம் என்றால் வ² = ம(ம+1)/2 என்று வரும். எட்டால் பெருக்கினால் 8வ² = (2ம+1)² − 1. இப்போது 2ம+1 என்பதை அ என்றும், 2வ என்பதை இ என்றும் எழுதினால் அ² − 2இ² = 1. சற்றுமுன் பார்த்த அதே ஒன்று!

மிகச் சிறிய விடை அ = 3, இ = 2. ஒரு விடை தெரிந்தால், 3அ+4இ, 2அ+3இ என்பவை அடுத்த விடையைத் தரும். பெருக்கிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். எனவே வரிசை: (3, 2), (17, 12), (99, 70), (577, 408). இவற்றிலிருந்து தெருக்கள்: ஒரு வீடு உள்ள தெரு; 8 வீடுகளில் ஆறாவது; 49 வீடுகளில் 35-ஆவது; 288 வீடுகளில் 204-ஆவது. அடுத்தது 1681 வீடுகள், அளவு மீறிவிட்டது. ஆகவே புதிரின் விடை 204. இடப்புறமும் 20706, வலப்புறமும் 20706.

எங்கள் தெருவில் பிள்ளைகளை எட்டு வீட்டு வாசல்களில் நிறுத்தினோம். ஆறாவது வாசலில் நின்றவன் அந்தப் பையன். இடப்புறம் 1, 2, 3, 4, 5 சேர்ந்து பதினைந்து. வலப்புறம் 7, 8 சேர்ந்து பதினைந்து. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ராமானுஜன் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார். நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் வகுப்பறையில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது, ஒரு மாணவனைத் தவறவிடுவது எவ்வளவு எளிது என்று எனக்கு அச்சமாகவே இருக்கிறது. எங்கள் தெருப் பையன் ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்வியைச் சிரித்து ஒதுக்க எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அவனை மீண்டும் திண்ணைக்கு அழைத்துவரப் பத்து நாள் ஆயிற்று. அதைத்தான் சொல்கிறேன்.

தம்பி தங்கையருக்குச் சில கணக்குகள்

ஒன்று: 13/640 எத்தனை தசம இலக்கங்களில் முடியும்? (640 என்பது ஏழு இரண்டும் ஓர் ஐந்தும். எனவே ஏழு இலக்கம்: 0.0203125.)

இரண்டு: 6, 36, 216 என்று ஆறின் அடுக்குகளை எழுதிக்கொண்டே போனால் ஏதேனும் ஒன்று சுழியத்தில் முடியுமா? (முடியாது. சுழியத்தில் முடிய ஐந்து என்னும் காரணி வேண்டும். ஆறில் இருப்பவை இரண்டும் மூன்றும் மட்டுமே.)

மூன்று: இருவர் கோயில் வாசலிலிருந்து ஒரே நேரத்தில் கிரிவலம் தொடங்குகிறார்கள். ஒருவர் 210 நிமிடத்திலும் மற்றவர் 280 நிமிடத்திலும் ஒரு சுற்று முடிப்பார். ஓய்வின்றி நடந்தால் மறுபடியும் வாசலில் எப்போது சந்திப்பார்கள்? (யூக்ளிடு முறையில் 280 = 210×1 + 70; 210 = 70×3. மீப்பெரு பொது வகுத்தி 70. மீச்சிறு பொது மடங்கு 210×280÷70 = 840 நிமிடம், அதாவது 14 மணி நேரம். ஒருவர் நான்கு சுற்றும் மற்றவர் மூன்று சுற்றும் முடித்திருப்பார்.)

நான்கு: √3 விகிதமுறா எண் என்று மூன்றுகளை எண்ணி நிறுவுக. இதற்கு விடை தரப்போவதில்லை.

முடிவாக

சென்ற மாதம் அவன் ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். ஒன்றைப் பகா எண்களால் வகுத்துப் பக்கம் பக்கமாக நிரப்பியிருந்தான். “ஏழுக்கு மீதிகள் ஆறும் வருகின்றன. 17-க்குப் பதினாறும் வருகின்றன. 19-க்குப் பதினெட்டும் வருகின்றன. ஆனால் 13-க்கு ஆறுதான், 11-க்கு இரண்டுதான். இப்படி முழுச் சுற்றுச் சுற்றும் பகா எண்கள் எவ்வளவு அண்ணா? முடிவில்லாமல் இருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை. இம்முறை சிரிக்கவில்லை. “கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: அத்தகைய பகா எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று எமில் ஆர்ட்டின் 1927-இல் ஊகித்தார். 1967-இல் ஹூலி என்பவர், நிரூபிக்கப்படாத வேறொரு பெரிய ஊகத்தை உண்மை என்று கொண்டு, இதை நிறுவிக் காட்டினார். அந்தத் துணையின்றி முழுமையாக நிறுவியவர் இன்றுவரை ஒருவரும் இல்லை.

அன்று மாலை திண்ணையில் அதை அப்படியே சொன்னேன். “உன் கேள்விக்கு எனக்கு மட்டுமல்ல, உலகத்தில் யாருக்குமே இன்னும் முழுப் பதில் தெரியாது.” அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, 23 என்று தலைப்பிட்டு, வகுக்கத் தொடங்கினான்.